மருந்துச் செலவை டாக்டரிடம் பேசுவது எப்படி

மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்கள் விலையைப் பற்றி வாய் திறப்பது பெரும்பாலும் மருந்துக்கடையில்தான். "மொத்தம் எவ்வளவு ஆச்சு? சரி, பத்து நாளைக்கு மட்டும் குடுங்க" என்று அங்கேயே கணக்குப் போட்டு, பாதியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஆனால் கடை கவுண்டரில் மாற்றக்கூடியது மிகக் குறைவு. டாக்டர் ஒரு கம்பெனியின் பெயரை எழுதிவிட்டால், அதே மருந்து வேறு கம்பெனியில் கால் பங்கு விலைக்கு அதே அலமாரியில் இருந்தாலும், கடைக்காரர் தானாக எடுத்துத் தரக் கூடாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65(11ஏ) பிரிவு, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே தரக்கூடிய ஷெட்யூல் எச், எக்ஸ் பட்டியல் மருந்துகளுக்கு அப்படித்தான் சொல்கிறது: எழுதியதற்குப் பதிலாக, அதே மூலப்பொருள் உள்ளதாக இருந்தாலும் வேறொன்றைத் தரக் கூடாது. நடைமுறையில் சில கடைகள் மாற்றித் தருகின்றன. அப்போது உங்களுக்குக் குறைந்த விலையில் கிடைப்பதைத் தருகிறார்களா, அவர்களுக்கு அதிக லாபம் உள்ளதைத் தருகிறார்களா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஆகவே விலை முடிவாகும் இடம் டாக்டரின் மேஜை. பேனா தாளில் படும் முன்பே பேசிவிட வேண்டும்.

பேசாமல் விட்டால் என்ன நடக்கிறது என்பதைச் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் எந்த கிளினிக்கிலும் காணலாம். காசு போதாமல் ஒருவர் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். அடுத்த முறை பிரஷர் 160-க்கு மேல் நிற்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் இரண்டாவது மாத்திரையைச் சேர்க்கிறார். பில் இன்னும் ஏறுகிறது. விட்டுப்போகும் நாட்கள் இன்னும் கூடுகின்றன. அதற்கடுத்த முறை மூன்றாவது மாத்திரை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நோயாளி சொல்லவில்லை, டாக்டர் கேட்கவில்லை.

கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

"மருந்து ரொம்ப விலை" என்று பொதுவாகச் சொன்னால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த மாத்திரை எவ்வளவு இழுக்கிறது என்று சொன்னால் அவர் உடனே யோசிப்பார். போன மாத பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் எத்தனை மாத்திரை என்று முதலில் பாருங்கள். 10, 14, 15, 30 என்று பலவிதமாக வரும். அட்டை விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாறுவது இங்கேதான். 15 மாத்திரை உள்ள அட்டை 180 ரூபாய், 10 மாத்திரை உள்ள அட்டை 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மலிவு போலத் தெரியும். மாத்திரைக் கணக்கில் முதலாவது 12 ரூபாய், இரண்டாவது 14. காலை, இரவு என்று இரண்டு வேளை போடுகிறவருக்கு மாதத்துக்கு முதலாவதில் 720, இரண்டாவதில் 840.

ஒரு தாளில் மருந்தின் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை, மாதச் செலவு என்று மூன்றையும் எழுதி, அதிகம் இழுக்கும் மருந்தை மேலே வையுங்கள். எட்டு மருந்து போடுகிறவர் வீட்டிலும் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் பில்லில் பாதியைத் தின்றுகொண்டிருக்கும். பேச வேண்டியது அதைப் பற்றி மட்டும்தான். கடைசியில், மாதம் எவ்வளவு உங்களால் தொடர்ந்து முடியும் என்று ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். கடையில் அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டு பல நேரம் கடையிலேயே தங்கிவிடும். உங்கள் கைக்கு வெறும் வெள்ளிக் காகிதம்தான் வரும். வாங்கும்போதே முழு அட்டையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. கம்பெனி வைத்த பிராண்டு பெயரைவிட, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரான மூலப்பெயரை இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018-இல் விதி வந்தது. கூட்டு மாத்திரைகள் சிலவற்றுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனாலும் மூலப்பெயர் அட்டையில் எங்காவது இருக்கும். உங்கள் தாளில் எழுத வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

அறைக்குள் சொல்ல வேண்டியது

கூட்டமான ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கி எழுந்த பிறகு சொன்னால், வெளியே அடுத்தவர் கதவைத் திறந்துகொண்டிருப்பார். உட்கார்ந்ததும் நோயைச் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்:

"டாக்டர், போன மாசம் மருந்துக்கு 2,400 ரூபாய் ஆச்சு. எங்களால 1,500 வரைக்கும்தான் முடியுது. அதனால ராத்திரி மாத்திரையை எட்டு நாள் விட்டுட்டேன். இதுல குறைக்க வழி இருக்கா?"

இதில் தொகை இருக்கிறது, வரம்பு இருக்கிறது, விட்டுப்போன நாட்கள் இருக்கின்றன. விட்ட நாட்களைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றிலும் மிக முக்கியமானது அதுதான். அதை மறைத்தால், கூடாத இடத்தில் மருந்தின் அளவு கூடிவிடும்.

அடுத்து இந்தக் கேள்விகளில் உங்களுக்குப் பொருந்துவதைக் கேளுங்கள். "இதுல எது ஒருநாள்கூட விடக் கூடாது, எதை நிறுத்திப் பார்க்கலாம்?" "இதையே மூலப்பெயர்ல எழுதித் தர முடியுமா, மக்கள் மருந்தகத்துல வாங்கிக்கிறேன்." (மத்திய அரசின் மலிவு விலை மருந்துக்கடை அது.) "இது எத்தனை நாளைக்கு?" புது மருந்து ஒன்று சேர்ந்தால் மட்டும், "இது பழசுக்குப் பதிலாவா, பழசோட சேர்த்தா?" இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காததால் ஒரே வகை மருந்தை இரண்டு பெயரில் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

அம்மா அப்பாவை அழைத்துப்போகும் மகளோ மகனோ கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. "செலவைப் பத்தி கவலை வேண்டாம் டாக்டர், நல்ல மருந்தா எழுதுங்க" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால், மாத்திரையை மிச்சம்பிடித்துப் போடும் அம்மா வாயே திறக்க மாட்டார். போகும் வழியிலேயே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

குறைக்க எங்கெல்லாம் இடம் இருக்கிறது

முதல் இடம் பிராண்டு. இந்தியாவில் சர்க்கரைக்கான ஒரே மெட்ஃபார்மினை, கொழுப்புக்கான ஒரே அட்டோர்வாஸ்டாட்டினைப் பல கம்பெனிகள் பல விலையில் விற்கின்றன. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு அரசின் விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைக்கிறது. 2022-இல் வந்த பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. அதில் இல்லாத மருந்துக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது, கம்பெனி 12 மாதத்துக்கு 10 சதவீதம் வரை விலையை ஏற்றிக்கொள்ளலாம். ஆணையத்தின் 'ஃபார்மா சஹி தாம்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் மற்ற பிராண்டுகளின் விலையையும் பார்க்கலாம். டாக்டரிடம் போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஆன்லைன் தள்ளுபடியை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். 200 ரூபாய் மருந்துக்கு 20 சதவீதம் தள்ளினாலும் 160. அதே மருந்து வேறு கம்பெனியில் எம்.ஆர்.பி.யே 60 ரூபாயாக இருக்கலாம்.

காப்புரிமை முடிந்த மருந்துகளைத் தனியாகக் கேளுங்கள். சர்க்கரை மருந்துகளில் வில்டாகிளிப்டினுக்கு 2019 டிசம்பரிலும், சிட்டாகிளிப்டினுக்கு 2022 ஜூலையிலும், எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சிலும் இந்தியாவில் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் குறைந்த விலையில் கொண்டுவந்தன. ஆனால் அதற்கு முன் எழுதிய சீட்டை அப்படியே திரும்பத் திரும்பக் காட்டி வாங்குகிறவர், முதல் கம்பெனியின் விலையையே இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பார். "இந்த மாத்திரை இப்ப வேற கம்பெனியில மலிவா வந்திருக்கா டாக்டர்?" என்று கேட்டால் போதும்.

கூட்டு மாத்திரை சில நேரம் மலிவு, சில நேரம் விலை அதிகம். பிரஷர் மருந்துகளான டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரை, இரண்டையும் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை ஒன்றுதான் என்றால் கூட்டு மாத்திரையே நல்லது. எண்ணிக்கை குறைந்தால் மறதியும் குறையும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோலுடன் வாந்தி மருந்து சேர்ந்த கேப்ஸ்யூல் வேறு விஷயம். வாந்தி, குமட்டல் இல்லாதவருக்கு அந்த இரண்டாவது மருந்து எதற்கு என்று கேளுங்கள். காய்ச்சலுக்காகப் பத்து நாளைக்கு எழுதிய அந்த 'கேஸ் மாத்திரை'யை இரண்டு வருடமாக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நிறுத்த வேண்டிய தேதியை யாரும் சீட்டில் எழுதாததுதான் காரணம்.

சத்து மாத்திரை, புரதப் பவுடர், நரம்புக்கு என்று எழுதப்படும் கூட்டுக் கலவைகளை நன்றாக உற்றுப் பாருங்கள். டப்பாவில் மருந்து உரிம எண் இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் புரிந்துவிடும். உணவு வகையில் வருவதென்றால், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதிலேயே ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மருந்து விலைக் கட்டுப்பாடு இவற்றுக்குக் கிடையாது. மாத பில்லில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் எங்கள் கருத்தில் இதுதான். ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்து கொடுத்த பி12, இரும்புச்சத்து, கர்ப்பிணிக்குக் கொடுத்த ஃபோலிக் அமிலம் போன்றவை மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அவை சிகிச்சை.

இன்சுலின்: சேமிப்பு அதிகம், ஆபத்தும் அதிகம்

பேனா ஊசியிலிருந்து பாட்டில் இன்சுலினுக்கு மாறினால் செலவு நன்றாகக் குறையும். ஆனால் கடையில் நின்று மாற்றிக்கொள்ளக் கூடாத மாற்றம் இது. பேனா கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 3 மில்லியில் 300 யூனிட் இருக்கும். இங்கே பரவலாகக் கிடைக்கும் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். 10 மில்லியில் 400. மில்லிக்கு 40 யூனிட் உள்ள இந்தப் பாட்டிலுக்கு, 40 என்று எழுதிய சிவப்பு மூடி சிரிஞ்ச். மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, 100 என்று எழுதிய ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்.

மாறிப்போனால் என்ன ஆகும் என்பது கணக்கிலேயே தெரியும். 40 இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் '20' கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 8 யூனிட்தான்; சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் '20' கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். அது உயிருக்கே ஆபத்து. பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

நேரமும் மாறும். பேனாவில் இருந்தது உடனடியாக வேலை செய்யும் புது வகை இன்சுலின் என்றால் சாப்பிட உட்காரும்போது போட்டிருப்பீர்கள். பழைய வகை ஹியூமன் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போட வேண்டும். அளவையும் நேரத்தையும் டாக்டர் புதிதாக எழுதித் தர வேண்டும். முதல் இரண்டு வாரம் வீட்டில் சர்க்கரை பார்த்துக் குறித்துவர வேண்டும். இரவில் அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துபோகிறவர்களுக்கு இந்த மாற்றமே ஒத்துவராது. அவர்கள் செலவை வேறு இடத்தில்தான் குறைக்க வேண்டும். தினம் 8, 10 யூனிட் மட்டும் போடுகிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: திறந்த பாட்டிலைப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மீதியை வைத்திருக்கக் கூடாது. கொட்டுவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவருக்குப் பாட்டிலின் லாபம் சுருங்கிவிடும்.

நீங்களாகக் கைவைக்கக் கூடாதவை

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரெல் போன்ற ரத்தக்கட்டி தடுக்கும் மாத்திரையைக் காசில்லை என்று ஒரு வாரம் விட்டால், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இதயத்துக்கும் பிரஷருக்கும் தரும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் படபடப்பும் திரும்பி வரும். வலிப்பு மாத்திரை, நீண்டநாள் ஸ்டீராய்டு, முதல் வகைச் சர்க்கரைக்கான இன்சுலின் ஆகியவையும் அப்படித்தான். பணம் தீர்ந்துவிட்டது என்றால் மற்றதைத் தள்ளிவைத்து இவற்றை வாங்குங்கள். அதற்கும் முடியாவிட்டால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய டாக்ரோலிமஸ், தைராய்டுக்கான லெவோதைராக்சின் ஆகியவற்றில் கம்பெனியை மாதத்துக்கு ஒன்றாக மாற்றக் கூடாது. ரத்தத்தில் அளவு சற்றே மாறினாலும் விளைவு தெரியும் மருந்துகள் இவை. மலிவான ஒன்றுக்கு டாக்டரைக் கேட்டு ஒரே முறை மாறி, அதிலேயே நில்லுங்கள். தைராய்டு மாத்திரை மாறினால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

பெரிய அளவு மாத்திரையை வாங்கி இரண்டாக உடைப்பது சில மருந்தில் நல்ல சேமிப்பு. 20 மில்லிகிராமின் விலை 10-ஐப் போல இரு மடங்காக இருக்காது. நடுவில் கோடு உள்ள சாதாரண மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டு உடைக்கலாம். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தால் நாள் முழுக்க மெல்ல வெளிவர வேண்டிய மருந்து அது. உடைத்தால் ஒரேயடியாக இறங்கிவிடும். பேன்டோப்ரசோல் போலக் குடலில் கரைய வேண்டிய பூச்சு உள்ளதை உடைத்தால் வயிற்று அமிலத்திலேயே வீணாகிவிடும்.

மருத்துவர்களுக்கு

"காசு இருக்கா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்றால் பதில் "ஆமா டாக்டர்"தான். கேள்வியை இப்படி மாற்றிப் பாருங்கள்: "அம்மா, இந்த மாத்திரையெல்லாம் விலை கூடித்தான் போச்சு, நிறைய பேருக்கு மாசக் கடைசில கஷ்டமாயிடுது. போன மாசம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" விட்டுப்போவது சகஜம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுவதால், நாள் எண்ணிக்கையைச் சொல்வது அவருக்கு எளிதாகிறது. வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி கேட்காதீர்கள்.

மருந்தின் அளவைக் கூட்டும் முன் மீதமுள்ள அட்டையை எண்ணுங்கள். 30 நாளைக்கு மாத்திரை வாங்கிய நோயாளி 45-ஆம் நாள் வந்து, கையில் இன்னும் ஆறு மாத்திரை இருக்கிறது என்றால், வேண்டியது புது மருந்து அல்ல.

மூலப்பெயரை, முடிந்தவரை ஆங்கிலக் கேப்பிடல் எழுத்தில், தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதி 2016 திருத்தத்திலிருந்தே சொல்கிறது. மில்லிகிராம், சாதாரண மாத்திரையா எஸ்.ஆர். வகையா, எத்தனை நாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விடவே கூடாத மருந்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, அது எதற்கென்று வாயாலும் சொல்லுங்கள். குறுகிய கால மருந்துக்கு நிறுத்தும் தேதியை எழுதுங்கள். நீங்கள் அடிக்கடி எழுதும் இருபது மருந்துகளின் மாதச் செலவை, பிராண்டு விலை, மக்கள் மருந்தக விலை என்று இரண்டு பத்தியாக ஒரு தாளில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டால், கணக்குப் போட நேரமில்லை என்ற பேச்சே வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடையில் கேட்டுப் புதுப்பித்தால் போதும்.

மலிவு மருந்தின் தரத்தில் சந்தேகம் வருவது இயல்பு. மக்கள் மருந்தகத்துக்கு வரும் மருந்துகள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் சோதிக்கப்பட்ட பிறகே கடைக்கு வருகின்றன. அதற்கு மேலும் தயக்கம் இருந்தால் நோயாளியின் உடம்பிலேயே அளந்து பார்க்கலாம்: பிரஷர் மாத்திரை மாறினால் வீட்டில் இரண்டு வாரம் பிரஷர் குறித்துவரச் சொல்லுங்கள், கொழுப்பு மாத்திரை மாறினால் 6 வாரத்தில் ரத்தப் பரிசோதனை.

வாங்கும் இடமும் அடுத்த சந்திப்பும்

தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வாங்கித் தரும் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தனியார் டாக்டரின் சீட்டை நீட்டினால் அப்படியே தர மாட்டார்கள். அங்குள்ள மருத்துவர் பார்த்து, தங்களிடம் உள்ள அதே வகை மருந்தை எழுதுவார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். இதய டாக்டரைத் தனியாரில் பார்த்துக்கொண்டு மாத்திரையை அரசில் வாங்குவதில் தவறில்லை. இரண்டு இடத்திலும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மருந்து இரு மடங்காகிவிடும்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் மத்திய அரசின் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகமும் உள்ளன. எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போன் செய்து கேட்டுவிடுங்கள். மருத்துவமனையிலேயே உள்ள கடையில்தான் வாங்க வேண்டும் என்று புற நோயாளிக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் அந்தக் கடையில் மட்டுமே கிடைக்கும் பிராண்டை எழுதியிருந்தால் வெளியே அலைய வேண்டியிருக்கும், மூலப்பெயரை அறையிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

மூலப்பெயரில் எழுதிவிட்டால் எந்தக் கம்பெனி என்று முடிவு செய்வது கடைக்காரர். சாதாரணக் கடையில் சீட்டை நீட்டும்போதே, "இதுல குறைஞ்ச எம்.ஆர்.பி. எது இருக்குண்ணே, அதைக் குடுங்க" என்று கேட்காவிட்டால் சீட்டு மாறியும் பில் மாறாது. புது மருந்து என்றால் முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஒத்துவராமல் டாக்டர் மாற்றினால், வெட்டிய அட்டையைப் பல கடைகள் திரும்ப எடுக்காது. ஃபிரிட்ஜில் வைக்கும் மருந்தை எடுக்கவே மாட்டார்கள். கடையை விட்டு இறங்கும் முன் பெயர், மில்லிகிராம், எஸ்.ஆர். எழுத்து மூன்றையும் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது புது பில்லையும் காலி அட்டைகளையும் அதே பையில் போட்டுக்கொண்டு போய், "மாத்தினதுக்கு அப்புறம் 1,350 ஆச்சு டாக்டர், ஒருநாளும் விடலை" என்று சொல்லுங்கள். பிரஷர் எவ்வளவு என்று அவர் அதற்குப் பிறகு பார்க்கட்டும்.